தர்மமும் பங்கும்

1

மறுமலர்ச்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நாலு பெயர்கள். லியோனார்டோ, மைக்கலாஞ்சலோ, ரஃபேல், அப்புறம் கலைஞர்களுக்குப் படியளந்த மெதிச்சி குடும்பம். இருட்டில் கிடந்த ஐரோப்பா கண் விழித்தது, கடவுள் இருந்த இடத்துக்கு மனிதன் வந்தான் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எந்த மனிதன் என்று அது சொல்வதில்லை.

1977-இல் ஜோன் கெல்லி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், பெண்களுக்கு மறுமலர்ச்சி என்று ஒன்று இருந்ததா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஆண்களுக்குக் கதவு திறந்த அதே காலத்தில் பெண்களுக்குக் கதவு சாத்தப்பட்டது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கம்பளி சீவியவனிடமும், அடுப்படியில் கிடந்த அடிமைப் பெண்ணிடமும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

ஆனால் 'அவங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல' என்று ஒப்பாரி வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. நிலைமை அதைவிடச் சிக்கலானது. ஃப்ளாரன்ஸ் ஆண்டைகள் கொடுத்தார்கள். ரொட்டி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், அனாதைக் குழந்தைகளுக்கு வீடு கட்டினார்கள். அழகைக்கூடப் பூட்டி வைக்காமல் தெருவில், சுவரில், மாடத்தில் வைத்தார்கள். ஏழை எவனும் அண்ணாந்து பார்க்கலாம், காசு கிடையாது. அப்படியானால் நம்முடைய வழக்குதான் என்ன? தர்மம் செய்தவன் கணக்கில் அவன் எடுத்துக்கொண்டது கழிந்துவிடுமா? கொடுத்தவனுக்கு வாங்கினவன் கடன்பட்டவனா? இந்தக் கேள்வி அந்த ஊரோடு முடிகிற கேள்வி இல்லை. ஆனால் அந்த ஊரில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் பார்க்கலாம். காரணம், ஃப்ளாரன்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் கணக்கு எழுதி வைத்தவர்கள்.

2

1427-இல் ஃப்ளாரன்ஸ் அரசு வரி போடுவதற்காகத் தன் ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுக்க வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கதாஸ்தோ என்று அதற்குப் பெயர். நிலம் எவ்வளவு, கடை எவ்வளவு, மாடு எத்தனை, கொடுத்த கடன் என்ன, வாங்கிய கடன் என்ன, சாப்பிடும் வாய் எத்தனை என்று குடும்பத் தலைவன் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவன் தெரிந்தவனை வைத்து எழுதிக்கொடுத்தான். ஏறத்தாழ 60,000 குடும்பங்கள், 2,60,000 பேருக்கு மேல். ஏழையின் குரல் வரலாற்றில் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். பாட்டாகவோ கதையாகவோ இல்லை. 'எனக்கு இவ்வளவு கடன் இருக்கு, வீடு வாடகை வீடு, பொண்டாட்டி சீக்காளி' என்று வரிக்காரனுக்குச் சொன்ன பதிலாகக் கிடைக்கிறது.

நகரத்துக்குள் மட்டும் சுமார் 10,000 குடும்பங்கள். அதில் நூறு குடும்பங்களிடம், அதாவது நூற்றில் ஒரு பங்கிடம், நகரத்துச் சொத்தில் கால்வாசிக்கு மேல் இருந்தது. முதல் பணக்காரர் பாலா ஸ்த்ரோட்சி. ஒரு லட்சம் ஃப்ளோரினுக்கு மேல் அவர் சொத்து. கட்டட வேலைக்குப் போன சித்தாளுக்கு அந்தக் காலத்தில் நாள் கூலி ஏறக்குறைய 10 சோல்தி. ஒரு தங்க ஃப்ளோரின் வாங்க அவன் எட்டு நாள் கல் சுமக்க வேண்டும். வருஷத்தில் 250 நாள் வேலை கிடைத்தால்கூட முப்பது சொச்சம் ஃப்ளோரின். பாலாவின் சொத்தைச் சேர்க்க அவன் மூவாயிரம் வருஷம் கல் சுமக்க வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமம். வியாபாரிகள் தங்களுக்குள் தங்க ஃப்ளோரினில் கணக்குப் பார்த்தார்கள். கூலிக்காரனுக்குக் கொடுத்தது வெள்ளி கலந்த சில்லறைக் காசு. தங்கத்தின் எடை மாறவில்லை. சில்லறையில் வெள்ளி குறைந்துகொண்டே போனது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்பது சோல்தி இருந்த ஒரு ஃப்ளோரின், அந்த நூற்றாண்டு முடியும்போது நூற்று நாற்பது சோல்தியை எட்டிவிட்டது. ஒருத்தன் கையில் உள்ள காசு காய்ந்துகொண்டே போக, இன்னொருத்தன் கையில் உள்ள காசு அப்படியே இருக்கும்படி ஏற்பாடு. சாட்டை எதுவும் தேவைப்படவில்லை.

நகரத்துக்கு வெளியே பாதி வாரம். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. வீடும் நிலமும் அவனுடையது, கடன் குடியானவனுடையது. மறுமலர்ச்சிக் காலத்துப் பெரிய அறிவாளி என்று பேசப்படும் அல்பெர்த்தி, குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்த வாரக்குடிகளின் 'திருட்டுப் புத்தி'யைப் பற்றிப் புலம்புகிறார். குடியானவனைக் கேலி செய்வதற்கென்றே அங்கே ஒரு இலக்கிய வகை வளர்ந்தது. பாதி விளைச்சலை எடுத்துக்கொண்டவன் மீதிப் பாதியைத் தின்றவனைத் திருடன் என்கிறான்!

பாலா ஸ்த்ரோட்சி தன் குடும்ப வழிபாட்டு அறைக்காக ஜென்தீலே ஃபாப்ரியானோவிடம் ஓர் ஓவியம் வரையச் சொன்னார். 1423-இல் முடிந்தது. குழந்தை இயேசுவை மூன்று ராஜாக்கள் வந்து வணங்கும் காட்சி. பலகை முழுக்கத் தங்கம், சரிகை, குதிரை, வேட்டை நாய். இன்று ஊஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இளைய ராஜாவின் காலடியில் ஒரு வேலைக்காரன் குனிந்து அவர் குதிமுள்ளைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். கடவுளுக்கு முன்னால் ராஜா பணிந்து நிற்பதைக் காட்டுகிற படம் அது. ராஜா பணிவதற்கும் கீழே குனிந்து வேலை செய்ய ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

3

அந்த நகரத்தின் செல்வம் கம்பளியிலிருந்து வந்தது. இங்கிலாந்திலிருந்தும் பிறகு ஸ்பெயினிலிருந்தும் ஆட்டு ரோமம் வரும். அலச வேண்டும், அடிக்க வேண்டும், எண்ணெய் போட்டுச் சிக்கெடுத்துச் சீவ வேண்டும். நூற்பது பெரும்பாலும் பெண்கள், கிராமத்தில். பிறகு தறி, மிதித்துக் கெட்டியாக்குதல், படிகாரம் போட்டுச் சாயம். ஒரு துணி பல கைகள் மாறி வரும். இந்தக் கைகள் எல்லாவற்றின் மேலும் அதிகாரம் செலுத்தியது கம்பளி முதலாளிகளின் கில்டு. கில்டு என்றால் தொழிற்குழு. நம்முடைய தொழிற்சங்கம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஃப்ளாரன்ஸில் 21 கில்டுகள். கில்டில் இருந்தால்தான் பதவிக்கு வரலாம், அரசாங்கத்தில் உட்காரலாம். சீவுகிறவன், அடிக்கிறவன், அலசுகிறவன் கில்டின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவன், உறுப்பினன் கிடையாது. தனியாகச் சங்கம் வைக்கவும் கூடாது. கில்டு சம்பளத்துக்கு அமர்த்திய வெளியூர் அதிகாரி ஒருவன் இருப்பான். அபராதம் போடவும், அடைக்கவும், சித்திரவதை செய்யவும் அவனுக்கு அதிகாரம் இருந்தது.

1345-இல் சியூட்டோ பிராந்தினி என்ற கம்பளித் தொழிலாளி மற்ற தொழிலாளிகளைக் கூட்டிப் பேசினான், சந்தா பிரித்தான், ஒரு கூட்டுறவு அமைக்கப் பார்த்தான். ஒரு நாள் ராத்திரி அவனையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தொழிலாளிகள் வேலையை நிறுத்தி, அவனை விடச் சொன்னார்கள். தூக்கில் போட்டார்கள். குற்றம் சங்கம் சேர்த்தது.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1378 ஜூலையில், சியோம்பி என்று அழைக்கப்பட்ட அந்தக் கம்பளித் தொழிலாளிகள் அரண்மனையைக் கைப்பற்றினார்கள். மிக்கேலே தி லாந்தோ என்ற கம்பளி சீவுகிறவன் நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார்ந்தான். மூன்று புதிய கில்டுகள் உண்டாயின. ஒன்று சாயக்காரர்களுக்கு, ஒன்று தையல்காரர் முதலானோருக்கு, ஒன்று கடைசிக் கூலிகளுக்கு. ஆகஸ்ட் மாதக் கடைசியில் எல்லாம் முடிந்தது. கடைசிக் கூலிகள் இன்னும் கேட்டார்கள். மற்ற கில்டுகள் ஒன்றுசேர்ந்து அவர்களை அடித்து விரட்டின. அடித்தவர்கள் பக்கம் நின்றவன் அதே மிக்கேலே. கடைசிக் கூலிகளின் கில்டு கலைக்கப்பட்டது. மீதி இரண்டும் 1382-இல் போயின.

இதை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். மேலே நூறு பணக்காரர், கீழே எல்லாரும் என்று எளிமையாக இல்லை. கசாப்புக்காரன், செருப்புத் தைக்கிறவன், கொல்லன் எல்லாருக்கும் சின்னக் கில்டு இருந்தது. தன் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்பதுதான் அவன் சொத்து. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று எதைச் சொன்னாரோ, அது எப்படி வேலை செய்யும் என்பதை அந்த ஆகஸ்ட் மாதம் காட்டியது. ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்க ஒருத்தனைக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தத் தோல்விக்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு மறுமலர்ச்சிச் சிற்பம் பிறக்கிறது. எங்கே? ஓர்சான்மிக்கேலே என்ற கட்டடத்தின் வெளிச்சுவரில். அங்கே 14 மாடங்கள். ஒவ்வொரு கில்டும் தன் காவல் புனிதரின் சிலையை வைக்க வேண்டும் என்று 1406-இல் அரசு உத்தரவு போட்டது. ஆயுதம் செய்கிறவர்களுக்கு தொனத்தெல்லோ புனித ஜார்ஜைச் செதுக்கினார். கம்பளி முதலாளிகளுக்கு கிபெர்த்தி வெண்கலத்தில் புனித ஸ்தேவானை வார்த்தார். கல், மர வேலைக்காரர்களுக்கு நான்னி தி பாங்கோ நான்கு புனிதர்களைச் செய்தார். அதன் அடியில் கொத்தர்களும் சிற்பிகளும் வேலை செய்யும் காட்சியே செதுக்கப்பட்டிருக்கிறது. தன் உளியும் தன் அளவுகோலும் சுவரில் இருக்கிறது என்று ஒரு கல்தச்சன் தன் பிள்ளைக்குக் கைகாட்டியிருக்கலாம். கம்பளி சீவுகிறவனுக்குக் கில்டு இல்லை. அதனால் மாடம் இல்லை. அவன் பார்க்கலாம். அந்தச் சுவரில் பார்க்கப்படும் இடம் அவனுக்குக் கிடையாது.

4

இனி அடுப்படிக்குப் போவோம். 1348-இல் வந்த கொள்ளை நோயில் வேலைக்காரர்கள் செத்துப்போனார்கள், மிஞ்சினவர்கள் கூலி அதிகம் கேட்டார்கள். 1360-களில் ஃப்ளாரன்ஸ் ஒரு சட்டம் செய்தது: கிறிஸ்தவராக இல்லாதவர்களை அடிமையாகக் கொண்டுவரலாம், விற்கலாம், வாங்கலாம். கருங்கடல் பக்கத்திலிருந்து வெனிஸ், ஜெனோவா வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் தாத்தார், ரஷ்ய, சர்க்காசிய இனப் பெண்கள், பலர் சிறுமிகள். வந்ததும் ஞானஸ்நானம் கொடுத்து ஒரு கிறிஸ்தவப் பெயர் வைப்பார்கள். ஞானஸ்நானம் அடிமைத்தனத்தை நீக்காது என்றும் ஏற்பாடு. அலெஸ்ஸாந்த்ரா ஸ்த்ரோட்சி என்ற உயர்குடி விதவையின் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பாசமான அம்மா, கெட்டிக்காரப் பெண்மணி. அடிமை வாங்குவது பற்றி மகனுக்கு எழுதும்போது மாட்டுத் தரகர் கணக்காக எந்த இனத்துப் பெண் எந்த வேலைக்கு ஆவாள் என்று பேசுகிறார்.

அந்தப் பெண்களின் உடம்பு ஆண்டையுடையது. கோசிமோ தெ மெதிச்சி வெனிஸில் வாங்கப்பட்ட மத்தலேனா என்ற சர்க்காசிய அடிமையிடம் கார்லோ என்ற மகனைப் பெற்றார். கார்லோ அதே வீட்டில் வளர்ந்து பிராத்தோ ஊரின் தேவாலயத் தலைவராகவும் ஆனார். மத்தலேனா என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடிமைக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளையை அனாதை விடுதியில் போட்டுவிட்டு, பால் சுரந்த மார்பை வாடகைக்கு விடுவார்கள். பணக்காரப் பெண்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பால் கொடுப்பது அபூர்வம். அடிமை கொடுத்த பாலுக்குக் காசு ஆண்டைக்கு. குடியானவப் பெண் செவிலியாகப் போனால் ஒப்பந்தம் அவள் புருஷனுக்கும் குழந்தையின் அப்பனுக்கும் நடுவில். பால் அவளுடையது, பேரம் ஆம்பளைகளுடையது.

பிராத்தோ ஊர் வியாபாரி பிரான்செஸ்கோ தாத்தினி 1410-இல் இறந்தபோது விட்டுப்போன கடிதங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர் மனைவி மார்கெரீத்தா, தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் செவிலி தேடிக் கொடுப்பவர். ஒரு கடிதத்தில் ஒருத்தியைப் பிடித்துவிட்டதாகக் கணவருக்கு எழுதுகிறார்: அவளுடைய சொந்தக் குழந்தை சாகக் கிடக்கிறது, இன்று ராத்திரி செத்துவிட்டால் புதைத்த கையோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள் என்று. மார்கெரீத்தா கொடுமைக்காரி இல்லை. அவருக்குப் பிள்ளை கிடையாது. தாத்தினி லூச்சியா என்ற அடிமையிடம் பெற்ற ஜினேவ்ராவைத் தன் பிள்ளையாகவே வளர்த்தவர். அந்தக் கடிதத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. வேலை முடிந்த திருப்தி இருக்கிறது. நம்மைத் தூங்கவிடாமல் செய்வது அந்தத் திருப்திதான்.

தாத்தினி சாகும்போது சொத்தில் பெரும்பகுதியைப் பிராத்தோ ஏழைகளுக்கு எழுதி வைத்தார். ஃப்ளாரன்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு புதிய விடுதி கட்ட 1,000 ஃப்ளோரின். அதிலிருந்து எழுந்ததுதான் இன்னோச்சென்தி விடுதி. பட்டு வியாபாரிகளின் கில்டு பொறுப்பேற்றது. 1419-இல் புரூனெல்லெஸ்கி வரைந்த திட்டத்தில் வேலை தொடங்கியது. மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட அந்த முகப்பை மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் முதல் கட்டடம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்து சேர்ந்தது, பெண் குழந்தை. தொடர்ந்து வந்தவையிலும் பெண்ணே அதிகம். அடிமைகளும் வேலைக்காரிகளும் பெற்றவை ஏராளம். ஒரு வயதைத் தாண்டாமல் செத்தவையும் ஏராளம். பிழைத்து வளர்ந்த பெண் பிள்ளைகள் பட்டு வேலைக்கும் நூல் வேலைக்கும் போனார்கள். 1487-இல் அந்த முகப்பில் அந்திரேயா தெல்லா ரோபியா துணி சுற்றிய குழந்தைகளை நீலப் பின்னணியில் வெள்ளையாகச் செய்து பதித்தார். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிச் சின்னங்களில் அந்தக் குழந்தையைப் பார்க்கலாம்.

5

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த விடுதி நல்ல காரியமா? நல்ல காரியம்தான். அது இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளில் பல ஆற்றிலோ குப்பையிலோ கிடந்திருக்கும். தர்மத்தை வெறும் வேஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தாத்தினி மெய்யாகவே நரகத்துக்குப் பயந்திருப்பார், மெய்யாகவே இரங்கியும் இருப்பார்.

ஆனால் பிள்ளையை அனாதையாக்கிய ஏற்பாடும் அனாதைக்கு வீடு கட்டிய ஏற்பாடும் ஒரே வீட்டில் குடியிருந்தன. அடிமைச் சந்தையைச் சட்டமாக்கிய வர்க்கமே விடுதிக்கும் காசு போட்டது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதே என்று சட்டம் போட அவர்களால் முடியும், அவர்களேதான் அரசாங்கம். அதைச் செய்யாமல் அழகான வளைவு கட்டினார்கள். தர்மம் என்பது எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவது. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதைக் கொடுக்கிறவனே முடிவு செய்வான். பங்கு என்பது அந்த முடிவு எடுக்கும் இடத்தில் நாமும் உட்காருவது. 1378-இல் சியோம்பிகள் கேட்டது அந்த இடத்தை. ரொட்டி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கஞ்சித்தொட்டி திறக்கிற வழக்கம் அந்த ஊரில் இருந்தது. 1442-இல் 'வெட்கப்படும் ஏழைகள்' என்று நொடித்துப்போன கௌரவமான குடும்பங்களுக்கு ரகசியமாக உதவ ஒரு சபையே ஏற்படுத்தினார்கள். இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. கில்டுதான் கிடையாது.

அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அளக்க வேண்டாம். அந்தக் காலத்து அளவுகோலே போதும். சியூட்டோ அந்தக் காலத்து மனிதன். அவன் கழுத்தில் கயிறு போட்டவர்களுக்கும் அவன் என்ன கேட்கிறான் என்று புரிந்தது, புரிந்ததால்தான் போட்டார்கள். மாக்கியவெல்லி ஃப்ளாரன்ஸ் வரலாறு எழுதும்போது 1378 கலகத்தில் பெயரில்லாத ஒரு தொழிலாளியைப் பேச வைக்கிறார். எல்லாரையும் நிர்வாணமாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அவர்கள் உடுப்பை நாமும் நம் உடுப்பை அவர்களும் போட்டுக்கொண்டால் நாம்தான் மேன்மக்களாகத் தெரிவோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். மாக்கியவெல்லி கலகக்காரர்களின் ஆள் இல்லை. இருந்தும் இந்த நியாயத்தை எழுதத் தெரிந்திருக்கிறது. 'அந்தக் காலத்துல அப்படித்தான்' என்பவர் ஆண்டைகளை மட்டுமே அந்தக் காலத்து மனிதர்களாக எண்ணுகிறார்.

இன்னொரு வாதம்: அத்தனை செல்வம் ஓரிடத்தில் குவியாமல் அத்தனை அழகு வந்திருக்குமா? அதற்குப் பதில் ஓர்சான்மிக்கேலே சுவரிலேயே இருக்கிறது. கல்தச்சர்களின் கில்டு பெரும் பணக்காரக் கில்டு இல்லை. ஆயுதம் செய்கிறவர்களும் வங்கிக்காரர்கள் இல்லை. பங்கு கிடைத்தவர்கள் அழகைச் செய்து நிறுத்தினார்கள். கம்பளி சீவுகிறவனுக்கும் மாடம் கிடைத்திருந்தால் அங்கே எந்தப் புனிதர் நின்றிருப்பார், எந்தக் கருவி அடியில் செதுக்கப்பட்டிருக்கும் என்பது தெரியாமலே போனது. மறுமலர்ச்சியின் நஷ்டக் கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தது சாதி இல்லை. அடிமை பெற்ற கார்லோ தேவாலயத் தலைவராக முடிந்தது. வர்க்கத்தையும் சாதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி 'எல்லா ஊர்லயும் இருந்ததுதானே' என்று சமாதானம் சொல்வோருக்கு இந்தக் கட்டுரை உதவக் கூடாது. நாம் அந்த ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தர்மத்துக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம். பிச்சை போடுகிற கை நம்மைப் பார்த்து இரங்குகிறது. கில்டுக் கதவை மூடுகிற கையும் அதே கைதான்.

6

அப்படியானால் அந்த அழகை நாம் என்ன செய்வது? வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? தள்ளக் கூடாது என்பதே என் பதில். அதைச் சுமந்தவர்கள், அரைத்தவர்கள், அதற்குப் பால் விற்றவர்கள் நம் வகையறா. 1504 மே மாதம் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பட்டறையிலிருந்து நகரச் சதுக்கத்துக்கு நகர்த்த நாலு நாள் பிடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இழுத்தார்கள் என்று லூக்கா லாந்துச்சி என்ற மருந்துக்கடைக்காரர் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் எழுதாவிட்டால் அந்த எண்ணிக்கைகூட நமக்குக் கிடைத்திருக்காது. சிலையைப் பார்க்கும்போது அந்த நாற்பது பேரையும் சேர்த்துப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

நன்றி சொல்வதென்றால் சரியான ஆளுக்குச் சொல்ல வேண்டும். இன்னோச்சென்தியில் பிழைத்த பிள்ளை பிழைத்தது வளைவால் அல்ல, யாரோ ஒருத்தி கொடுத்த பாலால். அவள் பிள்ளை எங்கே போனது என்று கேட்காமல் அந்த முகப்பைப் பார்க்கிறவன் பாதிதான் பார்க்கிறான். பொதுச் சொத்தில் நமக்கு ஏதாவது கட்டிக் கொடுத்து, திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு, கல்வெட்டில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. கட்டட வேலையை வாங்கிக்கொள்வோம். பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, பயன்படுத்துவோம். கைகூப்ப வேண்டியதில்லை. தீர்மானம் போடுகிற மேஜையில் நம்முடைய நாற்காலி எது என்று அந்த விழாவிலேயே கேட்டுவிட வேண்டும்.